பள்ளியில் ராமர், வீட்டில் நரகாசுரன்: பிள்ளைக்கு எதைச் சொல்வது?

இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு தாய் கேட்ட கேள்வி இது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகனுக்கு ஆறு வயது, இயர் டூ படிக்கிறான். பள்ளியில் தீபாவளிப் பாடம் முடித்துவிட்டு வந்தவன், "ராமரும் சீதையும் வீட்டுக்குத் திரும்பி வந்த நாள்தான் தீபாவளி. நீங்க சொன்ன நரகாசுரன் கதை பிழை அம்மா, டீச்சர் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சொல்லிவிட்டான். அதோடு வகுப்பு டீச்சரும், "ஒரு நாள் வந்து இருபது நிமிடம் பிள்ளைகளிடம் தீபாவளி பற்றிப் பேச முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். எந்தக் கதை சரி, அங்கே போய் எதைச் சொல்வது, என்ன கொண்டுபோவது என்று கேட்கிறார்.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரி. இங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக உதவி ஆசிரியையாக இருக்கிறேன். இந்தப் பாடத்தை வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், முன்னால் நின்று நடத்தியும் இருக்கிறேன், என் மகளின் முகத்திலும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பையனுக்கு. இன்றைக்கே அவனிடம் சொல்லுங்கள்: டீச்சர் சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி. இதைச் சமாதானத்துக்காகச் சொல்ல வேண்டியதில்லை, உண்மையே அதுதான். தீபாவளி என்பது ஒரே நாள் பண்டிகை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வட இந்தியாவிலும் குஜராத்திலும் அது ஐந்து நாள். தன திரயோதசியில் தொடங்கி, நரக சதுர்த்தசி, அமாவாசை மாலை லட்சுமி பூஜை, மறுநாள் கோவர்த்தன பூஜை, கடைசியாக அக்காள் தங்கைகள் சகோதரர்களுக்குத் திலகம் வைக்கும் நாள். இதில் நாம் பிடித்துக்கொண்டது சதுர்த்தசி விடியற்காலையை. அவர்கள் பிடித்துக்கொண்டது அமாவாசை மாலையை. சில வருடங்களில் இரண்டும் ஒரே தேதியில் வந்துவிடும், காலையில் நம்முடையதும் மாலையில் அவர்களுடையதுமாக.

ஆறு வயதுப் பிள்ளைக்குத் திதி கணக்கெல்லாம் வேண்டாம். "ராமர் கதைக்காரர்கள் சாயங்காலம் விளக்கு வைப்பார்கள், நாங்கள் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம்" என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். தீபாவளி, திவாளி இரண்டும் ஒரே சொல்தான் என்பதையும் சொல்லுங்கள். தீபம், ஆவளி. ஆவளி என்றால் வரிசை. பள்ளியில் அவர்கள் சொல்லும் 'தீவா' நம் வீட்டு அகல் விளக்கு. தன் வீட்டுச் சொல்லும் பள்ளிச் சொல்லும் ஒன்றுதான் என்று தெரியும்போது ஒரு பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

பள்ளி ஏன் ராமர் கதையை மட்டும் சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டீச்சர் மேல் வீணாகக் கோபம் வரும்.

இங்கிலாந்தில் சமயக் கல்வி, ஆர்.இ. என்பார்கள், அரசுப் பள்ளிகளில் கட்டாயம். ஆனால் கணக்கு, ஆங்கிலம் போல நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் இதற்குக் கிடையாது. அந்தந்த உள்ளாட்சிப் பகுதி தனக்கென்று ஒரு பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும். 1988ஆம் வருடக் கல்விச் சட்டம், கிறிஸ்தவத்தோடு இந்த நாட்டில் உள்ள மற்ற முக்கியச் சமயங்களையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று சொன்னது. அப்படித்தான் தீபாவளி ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்குள் வந்தது. அந்த வகுப்பை நடத்துகிறவர் பெரும்பாலும் சமயம் படித்தவர் இல்லை. காலையில் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்து, பிற்பகலில் கணக்கு முடித்து, வாரத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் தீபாவளியும் சொல்லித்தர வேண்டிய அதே வகுப்பு டீச்சர்தான். கையில் இருக்கும் தயார்ப் பாடத்தில் ராமர் கதை இருக்கும். நல்லவர், கெட்டவர், காடு, குரங்குப் படை, பதினான்கு வருடம், கடைசியில் வீடு திரும்புதல் என்று அந்தக் கதை சின்னப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும். முகமூடி செய்யலாம், நாடகம் போடலாம்.

இன்னொரு காரணம் வரலாறு. இந்த நாட்டில் இந்துக்கள் என்று முதலில் கூட்டமாகக் கண்ணில் பட்டவர்கள் குஜராத்திகளும் பஞ்சாபிகளும். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டியபோது வந்த குடும்பங்கள் பல லெஸ்டரில் குடியேறின. அங்கே பெல்கிரேவ் சாலையில் தீபாவளிக்கு விளக்குப் போடுவதைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் வரும். நம் ஈழத்து மக்கள் பெருமளவில் வந்தது 1983க்குப் பிறகு. பள்ளிகளுக்குத் 'தீபாவளி என்றால் இதுதான்' என்று ஒரு படம் மனதில் விழுந்த நேரத்தில் நாம் அந்தப் படத்தில் பெரிதாக இல்லை. குஜராத்திகளுக்கும் முழு நியாயம் நடந்ததாகச் சொல்ல முடியாது. அவர்களுக்குத் தீபாவளி என்றால் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை, அடுத்து வருடப்பிறப்பு. அதை எத்தனை வகுப்பில் சொல்கிறார்கள்?

அதனால் டீச்சரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு சொல்தான். 'சில.' "இந்துக்கள் தீபாவளிக்கு இப்படிச் செய்வார்கள்" என்பதற்குப் பதிலாக "சில இந்துக்கள்" அல்லது "பல இந்துக்கள்" என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் இருந்தால் உங்கள் பையன் கையைத் தூக்கி "எங்கள் வீட்டில் வேறு மாதிரி" என்று சொல்ல முடியும். இல்லையென்றால் அவன் ஒன்று டீச்சரை மறுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டை மறுக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் மகள் இயர் ஒன்னில் இருந்தபோது, அது நான் வேலை பார்க்கும் பள்ளி இல்லை, டீச்சர் பாடத்தின் நடுவில் அவளை எழுப்பி, "உங்கள் வீட்டிலும் இன்று மாலை இப்படித்தானே லட்சுமி வருவதற்காகக் கதவைத் திறந்து வைப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். ஆசையாகத்தான் கேட்டிருக்கிறார். வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை, ஒரே இந்துப் பிள்ளை அவள்தான். அவள் "ஆமாம்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "நான் பொய் சொல்லிட்டேன் அம்மா" என்றாள். காலையில் தலையில் வைத்த எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. எண்ணெய்க் குளியல் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. இன்றைக்கு அவள் பெரிய பெண். எனக்கு அந்தச் சாயங்காலம் இன்னும் மறக்கவில்லை.

எனவே உங்கள் பையனை வகுப்பில் சாட்சி சொல்ல எழுப்ப வேண்டாம் என்று டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவனாகப் பேச விரும்பினால் பேசட்டும். டீச்சர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பலருக்கு இப்படி ஒரு சங்கடம் இருப்பதே தெரியாது, சொன்னால் நன்றி சொல்வார்கள்.

அடுத்து ராவணன். உங்கள் கேள்வியில் அதைக் கேட்கவில்லை, ஆனால் இலங்கைக் குடும்பங்களில் இது வரும். பள்ளி நாடகத்தில் பத்துத் தலை அட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை உறுமும், எல்லோரும் அவனை எள்ளி 'பூ' (boo) என்று கத்துவார்கள். "ராவணன் இலங்கை ராஜா" என்று டீச்சர் சொல்வார். உங்கள் பையனுக்குத் தன் தாத்தாவின் ஊர் இலங்கை என்று தெரியும். அன்று இரவு, "அப்போ நாங்க கெட்டவங்களா?" என்று கேட்பான். கேட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சைவர்களுக்கு ராவணன் வெறும் அரக்கன் மட்டும் இல்லை. கயிலையைத் தூக்கப் போய், சிவன் விரலால் அழுத்த, நசுங்கி, பாடி, அருள் பெற்றவன். சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டில் அவனை நினைப்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறார். திருநீற்றுப் பதிகத்தில் 'இராவணன் மேலது நீறு' என்று வருவதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். திருகோணமலையில் கோணேசர் கோயில் பாறையில் ராவணன் வெட்டு இருக்கிறது, பக்கத்தில் கன்னியா வெந்நீர் ஊற்றுகளும் அவன் பெயரோடு சேர்ந்தவைதான். பையனிடம், "ராவணன் பெரிய கெட்டிக்காரன், வீணை வாசிப்பான், சிவபக்தன். ஆனால் இன்னொருத்தர் மனைவியைக் கொண்டுபோனது பெரிய பிழை. அதற்குத்தான் தண்டனை" என்று சொல்லுங்கள். வயதுக்கு அவ்வளவு போதும். முடிந்தால் டீச்சரிடமும் இதை ஒரு வரி சொல்லிவையுங்கள்.

நரகாசுரன் கதையையும் பிள்ளைகளிடம் சொல்லும்போது கவனம் வேண்டும். நாம் அவசரத்தில், "ஒரு அரக்கன் இருந்தான், கிருஷ்ணன் கொன்றுவிட்டார், வெடி வெடிக்கிறோம்" என்று முடித்துவிடுகிறோம். அந்தக் கதையின் உயிர் அங்கே இல்லை. நரகன் பூமாதேவியின் பிள்ளை. பிராக்ஜோதிஷத்தை ஆண்டவன், இன்றைய அசாம் பக்கம். தேவர்களின் தாய் அதிதியின் காதணியையே பறித்துக்கொண்டு போனான், ஆயிரக்கணக்கான பெண்களைச் சிறையில் அடைத்தான். கிருஷ்ணனோடு சத்யபாமாவும் போருக்குப் போகிறாள். நம் பக்கத்தில் சொல்கிறபடி, பாமா அந்தப் பூமாதேவியேதான், பெற்ற தாயின் கையால்தான் அவனுக்கு முடிவு. சாகும்போது, தான் போகும் நாளை மக்கள் அழுது கழிக்காமல் விளக்கேற்றிச் சந்தோஷமாகக் கொண்டாட வேண்டும் என்று வரம் கேட்கிறான். ஆறு வயதுப் பிள்ளைகளிடம் நான் கொலையை விட்டுவிடுவேன். பிள்ளை ரொம்பத் தப்பு செய்தான், அம்மாவே வந்து நிறுத்தினாள், கடைசியில் அவனுக்கே புரிந்தது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று கேட்டான் என்று சொல்வேன். அம்மா வந்து நிறுத்தினாள் என்ற இடத்தில் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். அம்மா வந்து நிறுத்துவது என்றால் என்ன என்று அந்த வயதில் எல்லோருக்கும் தெரியும்!

சரி, இருபது நிமிடத்தில் என்ன செய்வது?

பேசப் போகாதீர்கள், செய்யப் போங்கள். ஆறு வயதுப் பிள்ளை தரைவிரிப்பில் உட்கார்ந்து ஒரு பெரியவர் பேசுவதை எட்டு நிமிடம் கேட்கும். அதற்கு மேல் பக்கத்துப் பிள்ளையின் ஷூ நாடாவை அவிழ்க்கும். படங்கள் நிறைந்த ஸ்லைடு எதுவும் வேண்டாம், அது அவர்களுக்குத் தினமும் கிடைக்கிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் எல்லோரையும் கண்ணை மூடித் தூங்குவது போல் படுக்கச் சொல்வேன். விளக்கை அணைத்து, திரையை இறக்கிவிடச் சொல்வேன். "மணி காலை நாலு. வெளியில் இருட்டு. பாட்டி வந்து எழுப்புகிறாள்" என்று சொல்லி, ஒவ்வொருவரும் தன் உச்சந்தலையில் தானே மூன்று முறை தொட்டுக்கொள்ளச் சொல்வேன், பாட்டி மூன்று சொட்டு எண்ணெய் வைக்கிறாள் என்று. அப்புறம் வெந்நீர்க் குளியல், பிறகு மூலையில் மஞ்சள் தடவிய புதுச் சட்டை. அன்று எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் இருப்பதாகச் சொல்வார்கள். அதனால்தான் எங்கள் பக்கத்தில் அன்று ஒருவரை ஒருவர் பார்த்தால், "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்பது. இதை வகுப்பில் ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்வேன். இருபத்தெட்டுப் பிள்ளைகள் 'ஆச்சா, ஆச்சா' என்று கத்தும்போது பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லையென்றால் இதை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள், அதுதான் கேட்கிறவர்களுக்கும் ஒட்டும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. உண்மையான நல்லெண்ணெயைப் பள்ளிக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்த நாட்டுச் சட்டப்படி ஒவ்வாமை தரக்கூடியவை என்று 14 பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், அதில் எள் உண்டு. எள் ஒவ்வாத பிள்ளை கையில் எண்ணெய் பட்டாலே ஆபத்தாகலாம். முறுக்கில் எள் இருக்கும், லட்டில் முந்திரி இருக்கும், பலகாரத்தில் பாதிக்கு மேல் பாலோ கோதுமையோ கடலையோ இருக்கும். பல பள்ளிகளில் கொட்டை வகைகள் வாசலுக்குள்ளேயே வரக் கூடாது. தின்பண்டம் கொடுக்க ஆசையாகத்தான் இருக்கும், பண்டிகை என்றால் கை சும்மா போகாது. ஆனாலும் பள்ளி அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் எதையும் எடுத்துப் போகாதீர்கள். தீபாவளி லேகியத்தைப் பற்றிச் சொல்லலாம். அதற்காகச் சுக்கு ஒரு துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மோந்து பார்க்கக் கொடுக்கலாம், அதையும் டீச்சரிடம் கேட்டுவிட்டு. பண்டிகையன்று இத்தனை பலகாரம் தின்று வயிறு கெடாமலிருக்க மருந்தையும் கூடவே கிண்டி வைத்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது.

இப்போது விளக்கு. பள்ளியில் ஏற்கெனவே களிமண்ணில் விளக்கு செய்திருப்பார்கள். உருண்டை பிடித்து, கட்டைவிரலால் நடுவில் அழுத்தி, ஒரு ஓரத்தைக் கிள்ளி மூக்கு வைத்து, பளபளப்புத் தூள் தூவி வீட்டுக்கு அனுப்புவார்கள். அதில் எண்ணெய் ஊற்றி ஏற்றிவிடாதீர்கள். அது சூளையில் வைக்காத, காற்றில் உலர்ந்த மண். எண்ணெயைக் குடித்துவிடும், விரிசல் விடும். அதற்கு ஏற்றது பேட்டரியில் எரியும் சின்ன மெழுகுவர்த்திதான். அதை உங்கள் சாமி அறையில் உங்கள் குத்துவிளக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பளபளப்புத் தூள் உதிரும், பரவாயில்லை.

ஆனால் அந்த விளக்குச் செய்த பிள்ளைகளுக்குத் திரி என்றால் என்ன என்று தெரியாது. மெழுகுவர்த்திக்குள் நூல் இருப்பதைப் பார்த்திருப்பார்கள், அதை ஒருவர் கையால் செய்ய முடியும் என்று தோன்றியிருக்காது. நான் ஒரு பஞ்சுச் சுருளைக் கொண்டுபோய், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டைவிரல் அளவு பஞ்சு கொடுப்பேன். மெதுவாக இழுத்து நீட்டி, உள்ளங்கையில் வைத்து, மற்ற கையால் ஒரே பக்கமாக உருட்ட வேண்டும். முன்னும் பின்னும் உருட்டினால் பிரிந்துவிடும். முதல் திரி எல்லோருக்கும் புழு மாதிரி வரும், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது நன்றாக வந்துவிடும். எழுதவே கை வராத ஒரு பையன், பென்சிலைக் கண்டாலே மேசைக்கடியில் போகிறவன், ஒரு வருடம் வகுப்பிலேயே நேரான திரியை உருட்டினான். அதைக் குத்துவிளக்கின் ஐந்து முகத்தில் ஒன்றில் வைத்துக் காட்டினோம். அன்று முழுக்க அவன் அந்த விளக்குப் பக்கத்திலேயே நின்றான். தீ ஏற்றுவது பள்ளியின் விருப்பம். பெரியவர் ஒருவர் மட்டும் ஏற்றலாம் என்று சில பள்ளிகள் அனுமதிக்கும், சில அனுமதிக்கவே செய்யாது. ஏற்ற முடியாவிட்டாலும் திரி உருட்டுவதில் குறை எதுவும் இல்லை.

கோலத்தையும் காட்ட நேரம் இருந்தால், பள்ளியில் அவர்கள் 'ரங்கோலி' என்று வண்ணம் தீட்டும் அச்சுத் தாளுக்குப் பதிலாகப் புள்ளி வைத்துக் காட்டுங்கள். நடுவில் 3 புள்ளி, மேலே 1, கீழே 1. கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். வகுப்பறையில் சாக்பீஸ் போதும். வீட்டில் அரிசி மாவில் போடுவோம், எறும்பும் குருவியும் தின்னும் என்று சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லத் தயங்காதீர்கள். பள்ளிப் பாடத் தாளில் 'இந்துக்கள் இறைச்சி உண்ண மாட்டார்கள்' என்பது போல ஒரு வரி இருந்தாலும் இருக்கும். உங்கள் ஊரில் தீபாவளி என்றால் ஆட்டிறைச்சிக் கறி. ஊரில் பலர் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு இறைச்சி பிரிப்பார்கள். அதே ஊரில், சில சமயம் அதே வீட்டில், கேதார கௌரி விரதம் 21 நாள் பிடித்து அமாவாசையன்று காப்புக் கட்டுகிற அம்மாமார்கள் மரக்கறி மட்டும்தான். பையன் இரண்டையும் பார்த்து வளர்கிறான். வகுப்பில் யாராவது கேட்டால், "சில வீட்டில் சாப்பிடுவார்கள், சில வீட்டில் இல்லை" என்று இயல்பாகச் சொல்லுங்கள். மறைத்தால் அவனும் மறைக்கப் பழகுவான்.

வகுப்பில் மற்ற பிள்ளைகள் யார் யார் என்றும் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கியப் பிள்ளை இருந்தால், அவர்கள் வீட்டிலும் அன்று விளக்கு எரியும். குவாலியர் கோட்டையில் அடைபட்டிருந்த குரு ஹர்கோவிந்த், தன்னோடு 52 அரசர்களையும் விடுவித்துக்கொண்டு வெளியே வந்த நினைவாக அது. சமணர்களுக்கு மகாவீரர் முக்தி அடைந்த நாள். நேபாளப் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் திஹாரில் ஒரு நாள் நாய்க்கு மாலை போட்டுத் திலகம் வைப்பார்கள். நாய்க்கு மாலை என்றதும் முழு வகுப்பும் நிமிர்ந்து உட்காரும். அதே நேரம், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோர் வீட்டிலும் தீபாவளி இருக்கும் என்று நாமே நினைத்துவிடக் கூடாது. கிறிஸ்தவத் தமிழர், முஸ்லிம் தமிழர் இருக்கலாம். தீபாவளி தமிழருக்கு உரியதல்ல என்று பெரியார் சொன்னதை ஏற்று, கொண்டாடாத குடும்பமும் இருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் போய், "உங்க வீட்டில என்ன பலகாரம்?" என்று கேட்டால், என் மகள் அன்று நின்ற இடத்தில் அவளை நாமே நிறுத்துகிறோம்.

ஒரு சின்ன நடைமுறை விஷயம். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தொந்தரவு இல்லை. பள்ளி நாளில் வரும் வருடத்தில், முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சமய விடுப்பாகப் பள்ளி பதிந்துகொள்ளும், அதற்குப் பதிவேட்டில் தனிக் குறியீடே உண்டு. உடம்பு சரியில்லை என்று சொல்லாதீர்கள். பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் உண்மையைச் சொல்ல முடியாமல் போகும்.

கடைசியாக என் ஆசை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வரிசையாக விளக்கு வைப்பது என்று பார்த்தால், தமிழருக்குச் சொந்தமான விளக்குத் திருநாள் கார்த்திகைதான். தீபாவளியில் நமக்கு எண்ணெயும் புதுச் சட்டையும் முக்கியம், விளக்கு கார்த்திகைக்கு. அகநானூற்றில் 141ஆம் பாட்டிலேயே, மழை ஓய்ந்த வானில் முழுநிலவு கார்த்திகை மீனோடு சேரும் இரவில் தெருவெல்லாம் விளக்கு வைத்து, மாலை தூக்கி, ஊரே கூடி எடுக்கும் விழா வருகிறது. மயிலாப்பூர்ப் பதிகத்தில் சம்பந்தர் 'விளக்கீடு' என்கிறார். அந்தச் சொல்லை இன்றைக்கும் நாள்தோறும் பேச்சில் வைத்திருப்பது உங்கள் யாழ்ப்பாணம்தான். வாசலில் வாழைக்குற்றி நட்டு, மேலே சிரட்டை வைத்து, எண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்துவீர்களே, அதை என் ஊரில் நான் பார்த்ததில்லை. எங்களுக்குச் சொக்கப்பனையும், கரித்தூளைத் துணியில் கட்டிச் சுற்றுகிற மாவலியும், திருவண்ணாமலை உச்சியில் கொப்பரையில் ஏற்றும் தீபமும்தான். தீபாவளி முடிந்து இரண்டு வாரத்திலோ, சில வருடம் ஆறு வாரத்திலோ கார்த்திகை வந்துவிடும். அந்த நேரத்தில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, விளக்கு வைக்க அதைவிட நல்ல பொழுது வேறென்ன வேண்டும்?

டீச்சரிடம் தீபாவளிக்கு இருபது நிமிடம் பேச ஒப்புக்கொள்ளும்போதே, "கார்த்திகைக்கும் பத்து நிமிடம் தருவீர்களா?" என்று கேட்டு வைத்துவிடுங்கள். அன்று பையன் உருட்டிய திரியை அவன் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். வாழைக்குற்றி இங்கே கிடைக்காது, ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்து மேலே சிரட்டையை வைத்தால் நன்றாக நிற்கும்.